பள்ளிக் கலை மன்றத்தில் பறையை யார் அடிப்பது?

(அரசுப் பள்ளிகளில் கலை, இலக்கிய மன்றங்களுக்குப் பொறுப்பேற்றிருக்கும் இளம் ஆசிரியர்களும் தன்னார்வலர்களும் கூடிய அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் பள்ளியில் இலக்கிய மன்றம், கலை மன்றம், நாடகக் குழு என்று ஏதாவது ஒன்றைக் கவனித்துக்கொள்கிறீர்கள். மீதிப் பேர் வெளியிலிருந்து போய்ப் பிள்ளைகளுக்குப் பாட்டும் நாடகமும் பறையும் சொல்லிக்கொடுக்கிற தோழர்கள். அதனால் பள்ளியில் கலை ஏன் வேண்டும் என்று உங்களிடம் பேச வேண்டியதில்லை. நான் பேச வந்தது வேறொரு கேள்வி. ஒரு கலை மன்றம் தொடங்கியதும் அதில் யாருக்கு எது போகிறது? யார் ஆடுகிறார்கள், யார் அடிக்கிறார்கள், விருந்தினருக்குப் பூங்கொத்து கொடுக்க யார் நிற்கிறார்கள், நாற்காலி தூக்க யாரைக் கூப்பிடுகிறோம்?

இந்தக் கேள்வியை இப்போது கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. 2023 ஆகஸ்ட் 9 அன்று நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு படித்த ஒரு தலித் மாணவரும் அவருடைய தங்கையும் சொந்த வீட்டுக்குள் வைத்து வெட்டப்பட்டார்கள். வெட்டியவர்கள் கூடப் படித்தவர்கள். அதன் பிறகு நீதிபதி கே.சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைக்கப்பட்டது. 2024 ஜூனில் அது அறிக்கை கொடுத்தது. பள்ளிப் பெயர்களில் ஒட்டியிருக்கும் சாதியை நீக்குவது, கையில் கட்டும் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி ஆகியவற்றைத் தடைசெய்வது என்று பல பரிந்துரைகள். அறிக்கை வந்ததும் சிலர் கொதித்தார்கள். கொதிக்காத நல்லவர்கள் பலர், “தடையெல்லாம் எதற்கு? பிள்ளைகளைக் கலையிலும் விளையாட்டிலும் சேர்த்துவிடுங்கள், சாதி தானாகப் போய்விடும்” என்றார்கள்.

எனக்கும் அப்படி நம்ப ஆசைதான். ஆனால் கலைக்குள் சாதி இல்லை என்று நினைத்தால்தான் அப்படி நம்ப முடியும். இருட்டு அறைக்குள் விளக்கைக் கொண்டுபோவதுபோலக் கலையைப் பள்ளிக்குள் கொண்டுபோகிறோம் என்று நினைக்கிறோம். நாம் கொண்டுபோகும் விளக்கையே சாதி ஏற்கெனவே பங்குபோட்டு வைத்திருக்கிறது.

வகுப்பறையையும் மன்றத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வகுப்பில் பாடத்திட்டம் உண்டு. கணக்கு எல்லோருக்கும் ஒரே கணக்குத்தான். ஆசிரியர் மனதில் என்ன இருந்தாலும் ஒரு பிள்ளையிடம் “நீ இயற்கணிதம் படி, நீ கூட்டல் மட்டும் படி” என்று சொல்லிவிட முடியாது. மன்றத்தில் அப்படிச் சொல்ல முடியும். அதற்கு அங்கே நல்ல பெயர்களும் உண்டு: திறமை, விருப்பம், குரல்வளம், முகபாவம், “அவனுக்கு ரத்தத்திலேயே தாளம் இருக்கு”. சாதி என்பது வேலையைப் பிரிப்பதோடு நிற்பதில்லை, வேலை செய்பவர்களையே பிரித்து அடுக்கி வைக்கிறது என்று 1936இல் ‘சாதியை அழித்தொழித்தல்’ நூலில் பாபாசாகேப் விளக்கினார். பள்ளி ஆண்டுவிழாவுக்கு ஆள் பிரிக்கும் நாளில் போய் உட்கார்ந்து பாருங்கள். அவர் சொன்னது அரை மணி நேரத்தில் உங்கள் கண் முன்னால் நடக்கும்.

என் ஆய்வுக்காகத் தென்மாவட்டங்களில் பல அரசுப் பள்ளிகளுக்குப் போய்வருகிறேன். ஓர் உயர்நிலைப் பள்ளியில் கலைத் திருவிழாவுக்குப் பெயர் எடுத்துக்கொண்டிருந்தார்கள். தோல்கருவிக்கு ஆள் வேண்டும். பொறுப்பாசிரியர் ஒன்பதாம் வகுப்புக்குள் போய், பெயர் சொல்லி ஒரு பையனை எழுப்பி, “டேய், நீதான் அடிப்பியே. உங்க அப்பாகிட்ட சொல்லி ரெண்டு தப்பு வாங்கிட்டு வந்துரு” என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அந்தப் பையனுக்கு வாய்ப்புக் கொடுப்பதாகத்தான் அவர் நினைத்தார். வகுப்பில் நாலைந்து பேர் சிரித்தார்கள். பையன் “எனக்கு அடிக்கத் தெரியாது சார்” என்றான். “சும்மா சொல்லாதடா” என்றார் ஆசிரியர். அடுத்த மூன்று நாள் அவன் பள்ளிக்கு வரவில்லை. அவன் ஓவியத்துக்குப் பெயர் கொடுக்க நினைத்திருந்தான் என்பதைப் பின்னால் அவனுடைய நண்பன்தான் என்னிடம் சொன்னான்.

அந்த ஒரே நிமிடத்தில் என்னென்ன நடந்தது என்று பாருங்கள். அவன் எந்தத் தெருவிலிருந்து வருகிறான் என்பது நாற்பது பேர் முன்னால் அறிவிக்கப்பட்டது. அவனுடைய அப்பா யார் வீட்டுச் சாவுக்கெல்லாம் அடித்தார் என்பது அந்த நாற்பது பேருக்கும் தெரியும். அவன் எதைக் கற்க வேண்டும் என்பதை அவன் பிறப்பு முடிவுசெய்தது. இத்தனையும் ‘பாரம்பரியக் கலையை ஊக்குவித்தல்’ என்ற தலைப்பில் நடந்தது.

தோழர்களே, நாம் இதில் தெளிவாக இருக்க வேண்டும். பறைக்கு நீண்ட பெருமை உண்டு. தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்குமான கருப்பொருள்களைச் சொல்லும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை ஆகியவற்றோடு பறையையும் சேர்க்கிறது. அந்தச் சொல்லுக்கே பேசு, அறிவி என்று பொருள். ஆனால் அந்தப் பழம்பெருமைக்கும் நமக்கும் நடுவில் பல நூற்றாண்டு கட்டாய உழைப்பு கிடக்கிறது. ஊரார் வீட்டுச் சாவுக்கு அடிக்கப் போகாவிட்டால் அடி விழும், ஊர்விலக்கு வரும் என்ற நிலையில் நம் தாத்தாக்கள் அதை அடித்தார்கள். அதனால்தான் “இனிமேல் அடிக்க மாட்டோம்” என்று சொல்வதே பல ஊர்களில் விடுதலையின் முதல் சொல்லாக இருந்தது. 1927 மார்ச்சில் மகாத் மாநாட்டில், செத்த மாட்டை இழுக்கும் வேலையையும் அந்த இறைச்சியையும் கைவிடுங்கள் என்று அம்பேத்கர் மக்களிடம் கேட்டுக்கொண்டாரே, அதே நெஞ்சுரம்தான் இதிலும் இருந்தது.

அதே பறையை மேடைக்குக் கொண்டுவந்தவர்களும் நம் ஆட்கள்தான். 1991இல் அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டித் தமிழ்நாட்டில் எழுந்த தலித் பண்பாட்டு எழுச்சி, சாவு மேளமாக ஒதுக்கப்பட்டதைப் போராட்டத்தின் கருவியாக்கியது. திண்டுக்கல்லின் சக்தி கலைக்குழு தலித் பெண்களின் கையில் பறையைக் கொடுத்தது. ஆணின் கருவி, அதுவும் இழிவான கருவி என்ற இரண்டு பூட்டும் அங்கே ஒன்றாக உடைந்தன. சென்னையில் புத்தர் கலைக்குழு நூற்றுக்கணக்கானவர்களுக்குப் பயிற்சி கொடுத்தது. 2018 ஜனவரியில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடையேறியபோது கானாவும் பறையும் கிடாரும் ஒரே வரிசையில் நின்றன. 2025இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

ஆக நமக்குப் பின்னால் இரண்டு மரபுகள் இருக்கின்றன. ஒன்று மறுக்கும் மரபு, மற்றொன்று மீட்கும் மரபு. எது சரி என்று நாம் நிறையச் சண்டை போட்டிருக்கிறோம். பள்ளிக்குள் வரும்போது என் நிலைப்பாடு இது: மறுக்கும் உரிமைதான் முதலில் வர வேண்டும். ஒரு பிள்ளை “எனக்கு இது வேண்டாம், நான் வயலின் கற்கிறேன், படம் வரைகிறேன், ஒன்றுமே செய்யாமல் மரத்தடியில் உட்கார்ந்து புத்தகம் படிக்கிறேன்” என்று சொல்ல முடிகிற இடத்தில்தான் பறை கலையாக இருக்கும். அந்த உரிமை இல்லாத இடத்தில் அது பழைய ஊழியமேதான். மேடைக்கு மின்விளக்கு போட்டிருக்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

அடுத்து, ‘பண்பாடு’ என்ற சொல்லுக்கு வருவோம். பள்ளிகளில் பண்பாட்டு விழிப்புணர்வு என்றால் என்ன காட்டுகிறோம்?

1977இல் தொடங்கி இன்றுவரை பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் பெரிய கலைஞர்களை அழைத்துவரும் ஓர் அமைப்பு ஸ்பிக் மெக்கே. அதன் பெயரை விரித்தால், இந்தியச் செவ்வியல் இசையையும் பண்பாட்டையும் இளைஞர்களிடையே வளர்க்கும் சங்கம் என்று வரும். அவர்கள் நாட்டார் கலைஞர்களையும் அழைக்கிறார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெயரில் பண்பாட்டுக்குப் பக்கத்தில் எது உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். ஒன்றிய அரசு 2015இல் ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்காகக் கலா உத்சவ் போட்டியைத் தொடங்கியது. அதிலும் பாட்டு, நடனம் இரண்டுக்கும் செவ்வியல் ஒரு பிரிவு, நாட்டுப்புறம் ஒரு பிரிவு என்று வகுத்தார்கள். இந்தப் பிரிவு இயற்கையில் இருக்கிறது, மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு மாதிரி என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். யாரும் அவர்களுக்கு இதன் வரலாற்றைச் சொல்வதில்லை.

பரதநாட்டியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1930களுக்கு முன் அந்தப் பெயர் பரவலாக இல்லை. சதிர் என்றார்கள். ஆடியவர்கள் தேவதாசி மரபுப் பெண்கள், நட்டுவாங்கம் செய்தவர்கள் அதே சமூகத்து ஆண்கள். 1930களில் அது பெயர் மாற்றப்பட்டு ‘தூய்மை’ செய்யப்பட்டது. பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்ற ருக்மிணி தேவி 1935இல் மேடையேறினார், 1936இல் கலாக்ஷேத்ரா தொடங்கப்பட்டது. பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க முத்துலட்சுமி ரெட்டியும், அந்தச் சமூகத்தின் உள்ளிருந்தே மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரும் போராடினார்கள். 1947இல் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் வேண்டியிருந்தது, அதில் எனக்கு ஐயமில்லை. நான் சொல்வது வேறு. கோயிலோடும் ஆண்டைகளோடும் கட்டிப்போட்டிருந்த கயிறு அறுந்தபோது, அந்தப் பெண்களுக்கு அவர்களுடைய கலையும் சேர்ந்து கைநழுவியது. அவர்கள் ஆடினால் அசிங்கம், மற்றவர்கள் ஆடினால் தெய்வீகம் என்று ஆனது. இன்று ஆண்டுவிழா வரவேற்பு நடனம் ஆடும் பெண்பிள்ளை, தான் ஆடுவது ஐயாயிரம் ஆண்டுகளாக மாறாத ஒன்று என்று நம்பிக்கொண்டு ஆடுகிறாள்.

மிருதங்கத்தையும் எடுத்துக்கொள்ளலாம். அதற்குப் பசுத்தோல் வேண்டும், ஆட்டுத்தோல் வேண்டும், எருமைத்தோல் வேண்டும். தோலைத் தேர்ந்தெடுத்து, பதப்படுத்தி, இழுத்துக் கட்டி, சுருதிக்குக் கொண்டுவருகிறவர்களில் பலர் தஞ்சைப் பக்கத்து தலித் கிறித்தவக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். பாலக்காடு மணி ஐயரின் பெயர் எல்லோருக்கும் தெரியும். அவருக்கு மிருதங்கம் செய்துகொடுத்த பர்லாந்துவின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? டி.எம்.கிருஷ்ணா இந்தக் கைவினைஞர்களைப் பற்றி ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்று 2020இல் ஒரு நூல் எழுதினார். வெளியீட்டு விழாவுக்கு அரங்கு தர ஒப்புக்கொண்டிருந்த கலாக்ஷேத்ரா கடைசி நேரத்தில் அனுமதியைத் திரும்பப் பெற்றது. மிருதங்கம் அந்த வளாகத்துக்குள் எப்போதும் போகலாம். அதைச் செய்தவரின் கதைக்குத்தான் வாசலில் சிக்கல்.

ஒரு தோலை வைத்துச் செய்த கருவி புனிதமாகிறது, மற்றொரு தோலை வைத்துச் செய்த கருவி தீட்டாகிறது. தோலில் வேறுபாடு இல்லை. அடிக்கும் கை யாருடையது என்பதில்தான் வேறுபாடு. செவ்வியல், நாட்டுப்புறம் என்ற பிரிவின் உட்பொருளை ஒரு பதினான்கு வயதுப் பிள்ளைக்கு விளக்க இதைவிட எளிய பாடம் கிடையாது. கலை மன்றம் செய்ய வேண்டிய ‘விழிப்புணர்வு’ இதுதான். பொங்கலுக்குப் பானை வரைவதும் வேட்டி சேலையில் வந்து நின்று படம் எடுத்துக்கொள்வதும் இருக்கட்டும், தவறில்லை. ஆனால் அது அலங்காரம். விழிப்புணர்வு என்று அதைச் சொல்லிக்கொள்ள முடியாது.

பக்கத்து மாநிலத்தில் நடந்த ஒன்றையும் சொல்கிறேன். கேரளத்தின் பள்ளிக் கலோல்சவம் 1957இல் எர்ணாகுளத்தில் தொடங்கியது. இன்று அது ஒரு மாநிலமே பார்க்கும் திருவிழா. வெல்பவர்களுக்குப் பொதுத்தேர்வில் கருணை மதிப்பெண்ணும் உண்டு. மோகினியாட்டம், கதகளி, ஒப்பனா, மார்கம்களி எல்லாம் அங்கே பல்லாண்டுகளாகப் போட்டி வகைகள். ஆனால் பழங்குடி நடனங்கள் ஐந்து, அதாவது மங்கலங்களி, பணிய நடனம், இருள நடனம், பளிய நடனம், மலபுலய ஆட்டம், போட்டிக்குள் வந்தது 2025 ஜனவரியில் திருவனந்தபுரத்தில் நடந்த 63ஆவது கலோல்சவத்தில்தான். அறுபத்தெட்டு ஆண்டுகள்! பளியரும் இருளரும் நம் பக்கத்து மலைகளிலும் வாழ்கிறவர்கள். நம் மேடைகளில் அவர்கள் ஆட்டம் எங்கே இருக்கிறது என்று நாமும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அந்த மாற்றத்தை நான் வரவேற்கிறேன். ஆனால் கலோல்சவத்தைப் பார்க்கும்போது நம் முன் ஒரு கவலையும் வருகிறது. மதிப்பெண்ணும் கோப்பையும் இருக்கும் இடத்தில் எந்தக் கலை நுழைந்தாலும், காசு கொடுத்துப் பயிற்சியாளர் வைக்க முடிந்த பள்ளிதான் முன்னால் நிற்கும். நாளைக்குப் பணிய நடனத்தில் முதல் பரிசு வாங்கும் குழுவில் ஒரு பணியப் பிள்ளைகூட இல்லாமல் போகலாம். சதிருக்கு நடந்தது மறுபடியும் நடக்கலாம்.

இங்கே ஒரு தோழர் கை தூக்குவது தெரிகிறது. அவர் கேட்க நினைப்பதும் புரிகிறது. “ஒரு பக்கம் தலித் பிள்ளையை மட்டும் பறை அடிக்கச் சொல்லாதே என்கிறீர்கள். இன்னொரு பக்கம் மற்றவர்கள் எடுத்துக்கொண்டால் பறிபோய்விடும் என்கிறீர்கள். பின்னே யார்தான் அடிப்பது?” நியாயமான கேள்வி.

என் பதில்: எல்லோரும் அடிக்க வேண்டும். ஆனால் ஆசான் நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார், காசு யார் கைக்குப் போகிறது, யார் பெயர் சொல்லப்படுகிறது என்ற மூன்றையும் நாம் விடக்கூடாது. சதிரின் கதையில் ஆட்டம் போனதோடு நிற்கவில்லை. ஆடியவர்களின் பெயரும் அவர்களுக்கான மேடையும் மதிப்பும் சேர்ந்தே போயின. பள்ளியில் பறை வகுப்பு வைத்தால், பக்கத்து ஊர் மூத்த கலைஞரை ஆசிரியராக அழையுங்கள். பிரார்த்தனைக் கூட்டத்தில் தலைமையாசிரியர் அவரை “ஐயா” என்று சொல்லி அறிமுகப்படுத்தட்டும். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் அவர் முன்னால் மாணவராக நிற்கட்டும். ஊருக்குள் அவரை “ஏய், வாடா” என்று கூப்பிடும் வீட்டுப் பிள்ளை பள்ளிக்குள் “ஐயா, இந்த அடி சரியா?” என்று கேட்கும் அந்த வினாடி இருக்கிறதே, அதற்கு எந்த அரசாணையும் ஈடாகாது.

இது கற்பனை இல்லை. நான் பார்த்த இன்னொரு பள்ளியில் இப்படி ஒரு வகுப்பு நடந்தது. இடைநிலைச் சாதியைச் சேர்ந்த ஒரு பெண்பிள்ளை, எட்டாம் வகுப்பு, நன்றாக அடித்தாள். இரண்டாவது வாரம் அவளுடைய அம்மா பள்ளிக்கு வந்துவிட்டார். “டீச்சர், எங்க வீட்டுப் பிள்ளைய சாவுக் கொட்டு அடிக்க வச்சா ஊருக்குள்ள நாங்க எப்படித் தலைகாட்டுறது? எங்க ஆளுங்க என்னையத்தான் கேப்பாங்க” என்று அழுதார். அவர் கோபத்தைவிட அச்சம் பெரிதாக இருந்தது. அந்த ஆசிரியை வாதாடவில்லை. “அம்மா, உள்ள வந்து பத்து நிமிஷம் பாருங்க” என்று மட்டும் சொன்னார். அந்த அம்மா வாசற்படியில் நின்று பார்த்தார். அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். அந்தப் பிள்ளை தொடர்ந்து வகுப்புக்கு வந்தாள், ஆனால் ஆண்டுவிழா மேடையில் ஏற அனுமதி கிடைக்கவில்லை. இதை நான் வெற்றிக் கதையாகச் சொல்லவில்லை. சாதி எங்கே வலிக்கிறது என்பது அந்த வாசற்படியில் தெரிந்தது. தலித் பையனைப் பறை அடிக்கச் சொன்னபோது ஊரில் எவருக்கும் வலிக்கவில்லை. இந்தப் பெண் அடித்தபோது வலித்தது. வலிக்கிற இடத்தில்தான் நம் வேலை இருக்கிறது.

“பிள்ளைகளின் கலையில் போய் ஏன் சாதியைப் பேசுகிறீர்கள்?” என்று கேட்பார்கள். நாம் பேசாவிட்டாலும் அது அங்கே பேசிக்கொண்டுதான் இருக்கிறது. ஆண்டுவிழாக்களில் எந்தச் சினிமாப் பாட்டுக்கு ஆட்டம் ஆடப்படுகிறது என்று கேளுங்கள். ஒரு தரப்பு தங்கள் ‘வீரப் பரம்பரை’ப் பாட்டைப் போடச் சொல்லும். அது போட்டால் விசில் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பாருங்கள். குழு நடனத்துக்குச் சட்டை நிறம் எப்படி முடிவாகிறது என்று பாருங்கள். கையில் கட்டும் கயிற்றின் நிறமே சட்டைக்கு வந்துவிடுவதுண்டு. 2019இல் பள்ளிக் கல்வி இயக்குநர் அந்தக் கயிறுகளுக்கு எதிராகச் சுற்றறிக்கை அனுப்பினார். எதிர்ப்புக் கிளம்பியதும் அன்றைய அமைச்சர், பழைய நிலையே தொடரும் என்று சொல்லிவிட்டார். கயிற்றை அகற்றவே இவ்வளவு தயக்கம் என்றால், பாட்டையும் நிறத்தையும் யார் கேட்பது? மன்றப் பொறுப்பில் இருக்கும் நீங்கள்தான் கேட்க வேண்டும்.

இனி, என்ன செய்யலாம் என்று சில விஷயங்கள் சொல்கிறேன். இவை பெரிய திட்டங்கள் இல்லை. அடுத்த திங்கட்கிழமையே தொடங்க முடிந்தவை.

முதலாவது, யாருக்கு எது என்பதை வகுப்பு முன்னால் நின்று அறிவிக்காதீர்கள். ஆண்டின் முதல் இரண்டு மாதம் எல்லாப் பிள்ளைகளும் எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கட்டும். பறை, தபேலா, கீபோர்டு, களிமண், தூரிகை, நாடகம், கும்மி, எல்லாம். பிறகு ஒரு தாளில் எழுதி மடித்துக் கொடுக்கட்டும். “எனக்கு எதுவும் வேண்டாம்” என்பதும் அந்தத் தாளில் ஒரு விடையாக இருக்கட்டும்.

இரண்டாவது, கருவியை அடிப்பதற்கு முன் கருவியைச் செய்யக் கற்றுக்கொடுங்கள். மரத்துண்டுகளை வளைவாக இணைத்துச் சட்டம் செய்வது, புளியங்கொட்டைப் பசை காய்ச்சுவது, நனைத்த தோலை இழுத்து ஒட்டுவது, காய்ந்ததும் தீயில் வாட்டிக் கேட்டுப் பார்ப்பது. வலக்கைக்கு ஒரு குச்சி, இடக்கைக்கு ஒரு குச்சி, இரண்டும் ஏன் வேறுவேறு நீளம் என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். பசையில் வேதியியல் இருக்கிறது, சூடேறினால் தோல் இறுகுவதில் இயற்பியல் இருக்கிறது, அறிவியல் ஆசிரியரையும் கூப்பிடலாம். எல்லாவற்றையும்விட முக்கியமானது, எல்லாச் சாதிப் பிள்ளைகளும் தோலைக் கையால் தொடுவார்கள். தீட்டு என்ற எண்ணம் பேச்சில் உடைவதைவிடக் கையில் சீக்கிரம் உடையும். அன்றைக்கே ஒரு மிருதங்கத்தையும் பக்கத்தில் வைத்து, “இதில் என்ன தோல்?” என்று கேட்டால் மீதிப் பாடம் தானாக நடக்கும்.

மூன்றாவது, செலவு. நடன உடைக்கும் ஒப்பனைக்கும் வீட்டிலிருந்து காசு கொண்டுவரச் சொல்லும் நாளில்தான் பல பிள்ளைகள் “எனக்கு ஆட விருப்பமில்லை” என்கிறார்கள். அதை விருப்பமின்மை என்று பதிவுசெய்யாதீர்கள். பள்ளிச் சீருடையிலேயே ஆட முடிகிற நிகழ்ச்சியைத் தயார்செய்யுங்கள். வரவேற்பு வரிசையில் நிற்பவர்களை நிறம் பார்த்துப் பொறுக்காதீர்கள். வகுப்பு வருகைப் பதிவேட்டின் வரிசைப்படி முறைவைத்து நிறுத்துங்கள்.

நான்காவது, சொல்லிக்கொடுக்கிறவரின் சம்பளம். 2012இல் நம் அரசுப் பள்ளிகளுக்கு ஓவியம், இசை, தையல், உடற்கல்வி என்று 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய்க்கு நியமிக்கப்பட்டார்கள். 2024இல் அது 12,500 ரூபாய்க்கு வந்தது. பணிநிரந்தரம் கேட்டு அவர்கள் ஆண்டுக்கணக்கில் வீதிக்கு வருகிறார்கள். மே மாதச் சம்பளம்கூட அவர்கள் கேட்டுப் போராட வேண்டிய கோரிக்கையாக இருந்துவந்திருக்கிறது. 2022–23இல் அரசு தொடங்கிய கலைத் திருவிழா நல்ல முயற்சி. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகப் போய், கலையரசன், கலையரசி என்று பட்டம் வாங்கும் பிள்ளைகளைப் பார்க்க எனக்கும் மகிழ்ச்சி. ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை வரும் விழா வேறு, வாரத்துக்கு இரண்டு நாள் நடக்கும் வகுப்பு வேறு. ஆசிரியர் இல்லாமல் விழா மட்டும் நடந்தால், வீட்டிலேயே காசு கொடுத்துக் கற்ற பிள்ளைதான் வெல்லும். பறையாசான், ஒயில் ஆசான், கூத்து வாத்தியார் ஆகியோருக்குப் பொன்னாடை போதாது. கற்பித்த மணிநேரத்துக்கு ஊதியம் வேண்டும். இதைக் கேட்பதும் கலை மன்றத்தின் வேலைதான்.

ஐந்தாவது, எந்தக் கலையைக் காட்டினாலும் அதன் வரலாற்றை ஐந்து நிமிடம் சொல்லுங்கள். யார் செய்தார்கள், ஏன் செய்தார்கள், யாரிடமிருந்து யாரிடம் போனது. பரதம் ஆடும் பிள்ளையை வெட்கப்படுத்த இதைச் சொல்லக் கூடாது. அவள் கற்கும் அடவுகளைப் பாதுகாத்துத் தந்த பெண்கள் யார் என்று அவளுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். தெரிந்தால் அவள் இன்னும் நன்றாக ஆடுவாள்.

முடிக்கிறேன். சாதிக்கு எதிரான மரபில் கலை எப்போதும் பள்ளிக்கூடத்தோடு சேர்ந்தே வந்திருக்கிறது. ஃபுலே 1873இல் தொடங்கிய சத்தியசோதக் சமாஜத்தின் வழியில் மராட்டியத்தில் ஜல்சாக்கள் வந்தன, பின்னர் அம்பேத்கரிய ஜல்சாக்கள் ஊர் ஊராகப் போயின. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு அந்தப் பாட்டும் கூத்தும்தான் வகுப்பறை. நம் பிள்ளைகளுக்கு இன்று வகுப்பறை கிடைத்திருக்கிறது. அதற்குள் பாட்டும் கூத்தும் நுழையும்போது, ஊர்த்தெருவில் இருக்கும் வரிசை பின்னாலேயே நுழைந்துவிடாமல் வாசலில் நிற்க வேண்டியவர்கள் நீங்கள்.

மூன்று நாள் பள்ளிக்கு வராமல் இருந்தானே, அந்தப் பையன் போன்றவர்கள் உங்கள் பள்ளியிலும் இருப்பார்கள். அவனிடம் போய் “நீ பெரிய கலைஞனாகலாம்” என்று சொல்ல வேண்டாம். ஒரு வெள்ளைத்தாளும் வண்ணப்பெட்டியும் கொடுங்கள். பறையை எடுத்து, பெயர் கொடுத்திருக்கும் வேறு நாற்பது பேரின் நடுவில் வையுங்கள். என்றைக்காவது அவனும் வந்து எடுத்தால், அது அவனுடைய முடிவாக இருக்கட்டும்.